இவ்ளோ டைட்டு, கைக்கு?

பாட்மிண்டன் ராக்கெட் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், ரமா மேடம். நிறத்தைப் பார்க்கிறார்கள், எடையைப் பார்க்கிறார்கள், டிவியில் எந்தச் சாம்பியன் அதை வைத்திருந்தார் என்று பார்க்கிறார்கள். ஷட்டிலை அடிப்பது குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருக்கிற நரம்பு என்பது கடையை விட்டு வெளியே வந்த பிறகும் யாருக்கும் உறைப்பதில்லை. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் வேலையையும் உயரத்தையும் விசாரித்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்களே, அந்த மாதிரி. என் மாமனாரைக் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். அவர் தங்கமான மனிதர்.

ஹப்சிகுடாவில் தமிழ் பேசுகிற குடும்பநல ஆலோசகர் ஒருவர் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. என் மனைவி பத்மப்ரியா எப்படியோ உங்களைக் கண்டுபிடித்து, போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாள். இன்று என் முறை. என் தரப்பைச் சொல்லச் சொன்னீர்கள். தரப்பு என்று எனக்கு ஒன்றும் கிடையாது, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பத்மா ‘வன்முறை’ என்றொரு வார்த்தையைப் பயன்படுத்தினாளாமே, அதற்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாள் முதல் அவள்மேல் நான் கை ஓங்கியது கிடையாது. எங்கள் சொந்தத்தில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆண்கள் அதிகம் பேர் இல்லை.

என் பெயர் திருநாவுக்கரசு. இந்தத் தெலுங்கு ஊர்க்காரர்களுக்கு வாயில் நுழையாததால் ‘திரு’ என்று நறுக்கி, மரியாதைக்கு ஒரு ‘காரு’ சேர்த்துக்கொண்டார்கள். திரு காரு. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். ஆளே இல்லாமல் முன்னால் ஒரு மரியாதை, பின்னால் ஒரு மரியாதை. நான் திருத்தவில்லை. வருகிற மரியாதையை ஏன் விடுவது.

வேலை உப்பலில், ஒரு மென்பொருள் கம்பெனியில். லோடு டெஸ்டிங் என்பார்கள். ஒரு சாஃப்ட்வேர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது. மொத்தமாகப் போட்டால் உடனே விழுந்துவிடும், எதனால் விழுந்தது என்றும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாக இருப்பதாகத் திரையில் வரும். வந்துகொண்டே இருக்கும், ஒரு தடவை வராது. அந்த ஒரு தடவைக்காகக் காத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் அபார்ட்மெண்டில் நீச்சல் குளம் உண்டு, தண்ணீர் கிடையாது. நூலகம் உண்டு, உள்ளே கேரம் போர்டுதான் இருக்கும். ஒழுங்காக நடப்பது பாட்மிண்டன் ஒன்றுதான். காலையில் கோர்ட்டுக்குப் போனால் இடுப்பில் பெல்ட், முட்டியில் உறை, நெற்றியில் பட்டை என்று நிற்பார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவர்களா, ஆபரேஷனுக்குப் போகிறவர்களா என்று தெரியாது. ஆளுக்கொரு சர்வதேச ராக்கெட். ஆளுக்கு முப்பது பவுண்டு வேண்டும்.

பவுண்டு என்பது நரம்பை எவ்வளவு விறைப்பாக இழுத்துக் கட்டுகிறோம் என்பதற்கான கணக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு போதும். முப்பதெல்லாம் அதற்கென்றே உடம்பைத் தயார் செய்தவர்களுக்கு. டைட்டாகக் கட்டினால் ஷட்டில் பறக்கும் என்று ஊரே நம்புகிறது, விஷயம் தலைகீழ். கொஞ்சம் தளர்ந்த நரம்பு தானே உந்தித் தள்ளிவிடும். விறைத்த நரம்பு தன் பங்குக்கு எதுவும் கொடுக்காது, அடிக்கிறவர்தான் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அதிர்வு முழுக்க முழங்கைக்குத் திரும்பி வரும். எங்கள் சங்கச் செயலாளர் ராகவேந்திராவுக்கு இதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தோளில் வலிக்கான பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே வந்து, “திரு காரு, தர்ட்டி” என்பார். நான் இருபத்து மூன்று போட்டுக் கொடுப்பேன். அவர் ஒரு வீசு வீசிப் பார்த்துவிட்டு, “தர்ட்டி அண்டே தர்ட்டியே”, முப்பது என்றால் முப்பதுதான் என்று கண்ணை மூடி ரசிப்பார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த எண் நரம்பு கட்டுகிற மெஷினில் மட்டும்தான் தெரியும். கட்டி இறக்கிய பிறகு ராக்கெட் எதையும் சொல்லாது.

மெஷினை நானே வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். கடைக்காரர்களுக்கு அவசரம், ராக்கெட் சட்டத்தைக் கோணலாக்கிவிடுவார்கள். இந்த வட்டாரத்தில் நரம்புக்குக் ‘கட்’ என்று பெயர், அதைக் கட்டுவதற்குக் ‘கட்டிங்’. திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த என் மச்சினன் நந்தகுமார், சாப்பாட்டுக்குப் பிறகு நான் “ஒரு கட்டிங் போட்டுட்டு வந்துடறேன்” என்று எழுந்ததும், குரலைத் தாழ்த்தி “நானும் வர்றேன் மாமா” என்று பின்னாலேயே வந்தான். அறைக்குள் மெஷினைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது. நானும் பத்மாவும் அதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ நாள் சிரித்திருக்கிறோம். நாங்கள் சிரிக்காத தம்பதி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

பத்மா பள்ளிக்கூடத்து டீமில் ஆடியவள். பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா சொன்னார், கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கும் மறந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் மகள் சுபாஸ்ரீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு நாள் காலையில் கோர்ட்டுக்கு வந்து, “நானும் ஆடிப் பாக்கட்டுமாங்க?” என்றாள். நான் சந்தோஷமாகத்தான் ராக்கெட்டைக் கொடுத்தேன்.

பெல்ட்டுக்காரர்களை எல்லாம் அவள் ஒவ்வொருவராக ஓடவிட்டாள். அவள் மணிக்கட்டு திரும்புவதைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்கள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று இரண்டொருவரிடம் சொன்னேன். ஒரு புருஷனுக்கு அந்த உரிமைகூட இல்லாமல் போய்விடாது. ஆனால் அதன் பிறகு நான் கோர்ட்டுக்குத் தனியாகப் போனால், “மேடம் ராலேதா?”, மேடம் வரவில்லையா என்று என் முதுகுக்குப் பின்னால் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவள் ராக்கெட்டுக்கு நரம்பு நானே தேடி எடுத்தேன். மெல்லிய நரம்பு துள்ளலாக இருக்கும், சீக்கிரம் அறுந்துவிடும். தடித்தது உழைக்கும், ஆனால் கைக்கு மரக்கட்டை மாதிரி இருக்கும். அவளுக்கு மெல்லியது, இருபத்து மூன்று. எவ்வளவு சொன்னாலும் அவள் வாயில் பவுண்டு வராது, பவுன்தான். லிஃப்டில் ஒரு நாள் அவள் போனில், “இருபத்து மூணு பவுன் போட்டிருக்காருடி, இவர் போட்டாத்தான் என் கைக்கு ஒத்து வருது” என்று யாரிடமோ சொல்ல, ஐந்தாவது மாடித் தமிழ் அம்மாள் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிட ஆரம்பித்தார்.

இவர் போட்டாத்தான் என் கைக்கு ஒத்து வருது. அவள் வாயால் சொன்னது, மேடம். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

ஃபெலிக்ஸ் எங்களுக்கு மேல் மாடி. தாத்தா காலத்திலேயே சிகந்தராபாத் ரயில்வே பட்டறைக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். பேசுவது தமிழ்தான், நடுநடுவே இந்த ஊர் உருது வந்து பல்லில் கல் மாதிரி கடிபடும். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’. ஏன் என்பதற்குக் ‘கைக்கு’. முதல் தடவை அவன், “அக்கா, நேத்து வரல, கைக்கு?” என்று கேட்டபோது பத்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கைக்கு ஒண்ணும் இல்லையேப்பா, நல்லாத்தான் இருக்கு” என்றாள். ஃபெலிக்ஸின் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதிலிருந்து பத்மாவுக்கு அது ஒரு விளையாட்டு. நான் சோற்றை மிச்சம் வைத்தால்கூட “கைக்கு?” என்பாள்.

சங்கராந்திக்கு அபார்ட்மெண்டில் போட்டி வைத்தார்கள். ஆண் பெண் பிரிக்காமல் குலுக்கிப் போட்டதில் எனக்கு எதிராகப் பத்மாவின் பெயர் வந்தது. இருபத்தொன்றுக்கு ஆறு. அந்த ஆறிலும் இரண்டு அவள் வேண்டுமென்றே வெளியே அடித்தது. அப்படி அடிப்பதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முடிந்ததும் வலைக்கு மேலே கையை நீட்டி, “நல்லா ஆடுனீங்க” என்றாள். ராகவேந்திரா கைதட்டிச் சிரித்தார். முப்பது என்று நம்பி இருபத்து மூன்றில் ஆடிக்கொண்டிருக்கிற மனுஷன், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். வரவில்லை. மனைவியிடம் தோற்றதற்கு வருத்தப்படுகிற காலமா இது? இரவுச் சாப்பாட்டின்போதுகூட நானே அவள் ஆட்டத்தைப் பாராட்டினேன். ‘நல்லா ஆடுனீங்க’ என்பது மட்டும் கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியது. சுபாஸ்ரீ யுகேஜியில் படம் வரைந்து கொண்டுவந்தபோது பத்மா அதே குரலில்தான் பேசுவாள்.

அடுத்து, உப்பலில் அபார்ட்மெண்டுகளுக்கு இடையே லீக் போட்டி வந்தது. கலப்பு இரட்டையருக்குப் பத்மாவும் ஃபெலிக்ஸும் என்று ராகவேந்திரா அறிவித்தார். எனக்கு ‘டெக்னிகல் சப்போர்ட்’ என்று ஒரு பதவி. கட்டிங் போடுவது, போட்டி நாளில் வாழைப்பழம் தூக்கி வருவது. ஃபெலிக்ஸ்மேல் எனக்குச் சந்தேகமோ என்று நீங்கள் யோசித்தால், சுத்தமாக இல்லை. ஸ்டெல்லா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்கோர் எண்ணுவாள். அந்த மாதிரிப் புருஷன் நான் இல்லை, அதெல்லாம் படிக்காதவர்கள் செய்வது.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, முன்பு போல இரண்டு பேரும் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டும். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக்குப் போய்விடுவாள். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து அவளுக்குக் கட்டிங் போட்டுக்கொண்டிருப்பேன். ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஆதிக்கம் என்பீர்கள். அவளே ஒரு நாள் “போதுங்க” என்று சொல்லிவிட்டு வந்தால் அது அவள் விருப்பம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினில் இருபத்து மூன்றை அழுத்தப் போன விரல், இருபத்து மூன்றரையை அழுத்தியது.

அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அடுத்த தடவை இருபத்து நான்கு. அதற்கடுத்து மெல்லிய நரம்பை விட்டுவிட்டுத் தடித்ததற்கு மாற்றினேன், நிறம் ஒன்றுதான். அரை அரையாக ஏறினேன். ஒவ்வொரு தடவையும், “எத்தனை பவுன்?” என்பாள். “இருபத்து மூணு” என்பேன். குறைத்துப் போட்டிருந்தால் ஏமாற்று என்று சொல்லலாம். கேட்டதற்கு மேல்தானே கொடுத்தேன்.

ஒரு நாள் உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க, சத்தம் கணீர்னு வருது?” என்று கேட்டாள். “புது கட் அப்படித்தான் இருக்கும். பழகிடும்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். தொழில் தெரிந்தவன் சொன்னால் கேட்டுக்கொள்கிற குணம் அவளிடம் எப்போதுமே உண்டு.

கொஞ்ச நாளில், “ஷட்டில் முன்ன மாதிரி போக மாட்டேங்குதுங்க” என்றாள். போகாது. போகவைக்க இன்னும் ஓங்கி அடித்தாள். பிறகு முழங்கை விண்ணென்று வலிக்கிறது என்றாள். நான் தைலம் வாங்கி வந்தேன். தினமும் நானே தேய்த்துவிட்டேன், மேடம். எந்த இடத்தில் வலி என்று அவள் காட்டுவதற்கு முன்னால் என் விரல் அங்கே போய்விடும். “உங்களுக்கு எப்படிங்க கரெக்டா தெரியுது?” என்று ஆச்சரியப்பட்டாள். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

வலி குறையாததால் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அலட்சியம் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவரும் பாட்மிண்டன் ஆடுகிறவர் போலிருக்கிறது, முதல் கேள்வியே டென்ஷன், அதாவது நரம்பு எத்தனை பவுண்டு என்பதுதான். நான் இருபத்து மூன்று என்றேன். அப்படியானால் ராக்கெட்மேல் தப்பு இல்லை என்றார். வெளியே வந்ததும் பத்மா, “நல்ல வேளை, வீட்டுலயே நீங்க கட்டுறீங்க. கடையில குடுத்திருந்தா அதுவான்னு சந்தேகம் வந்திருக்கும்” என்றாள்.

அந்த டாக்டர் இங்கிலீஷில் ஆரம்பித்துப் பாதியில் தெலுங்குக்குத் தாவிவிடுகிறவர். பத்மாவின் தெலுங்கு காய்கறிக்கடையைத் தாண்டாது. இரண்டாவது தடவை போனபோது முழங்கையில் ஊசி போட்டார். இதில் வலி மறைந்துவிடும், வலி இல்லாததால் குணமாகிவிட்டதாக நினைத்து ஆடிவிடக் கூடாது, சில வாரம் ராக்கெட்டையே தொடக் கூடாது, தொட்டால் தசைநார் அறுந்துவிடும் என்று தெலுங்கில் கடகடவென்று சொன்னார். “என்ன சொல்றாருங்க?” என்று பத்மா என்னைப் பார்த்தாள். “வலி போயிடுமாம்” என்றேன். அவர் அதைச் சொன்னார்தானே. மொழிபெயர்ப்பில் எல்லாமும் வராது.

வலி போய்விட்டது. அவள் மறுநாளே கோர்ட்டில் இருந்தாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பிடிவாதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வேறு பெண்ணாக இருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி, டீமை இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். நான் அரை அரையாக ஏற்ற ஏற்ற, அவளும் ஏறி வந்தாள். என் வேலையில் இப்படித் தாங்குகிற ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த அளவில் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு, அதை நீங்கள் அவளிடம் சொல்லலாம்.

இறுதிப் போட்டிக்கு முந்தின ஞாயிறு இருபத்தெட்டு போட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். எவ்வளவு தாங்கும் என்று ராக்கெட்டின் கழுத்துப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள், அதில் இருபத்தெட்டு என்றுதான் இருந்தது. தாண்டினால் சட்டம் விரிசல் விட்டுவிடும். நல்ல ராக்கெட், அவள் பிறந்த நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. மனுஷன் கையில் அப்படி எதையும் அச்சடித்து அனுப்புவதில்லை.

உப்பலில் அந்த ஹால் முழுக்கக் கூட்டம். கடைசி கேம் இழுபறியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் வாழைப்பழச் சீப்போடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிராளி தூக்கிப் போட்ட ஷட்டிலுக்குப் பத்மா எம்பினாள், அடித்தாள். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கட் அறுந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான் ஓடினேன். ராக்கெட் தரையில் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு இழை அறுபடவில்லை, ஒரு முடிச்சு நெகிழவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் பத்மா தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

ஸ்டெல்லா தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். ஃபெலிக்ஸ் என் கையிலிருந்து ராக்கெட்டை வாங்கினான். ஏன் வாங்கினான் என்று தெரியாது, பதற்றத்தில் எதையாவது கையில் வைத்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். விரல் முட்டியால் நரம்பைத் தட்டினான். மறுபடி தட்டினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“அண்ணே, இவ்ளோ டைட்டு, கைக்கு?”

நான், “ஆமா, கைக்குத்தான்” என்றேன்.

ஐந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். கைக்கு என்றால் ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதை வைத்து வீட்டில் எவ்வளவோ சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் காது தமிழில் கேட்டுவிட்டது. ஏன் இவ்வளவு டைட் என்று அவன் கேட்க, இவ்வளவு டைட் கட்டினது அவள் கைக்காகவா என்று என் காதில் விழுந்தது. பதிலும் அதற்குத்தான் வந்தது. வேறு எந்த ஊரிலும் நான் மாட்டியிருக்க மாட்டேன்.

ஃபெலிக்ஸுக்கு முதலில் புரியவில்லை, அவன் கேள்விக்கு அது பதிலே இல்லையே. பத்மாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த வார்த்தை வந்தால் சிரிப்பவள், சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தாள். வலியில் கத்திக்கொண்டிருந்தவள், கத்துவதையும் நிறுத்திவிட்டாள்.

எலும்பிலிருந்து தசைநார் பிய்ந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்து, இழுத்துப் பிடித்துத் தைத்தார்கள். எத்தனை முடிச்சு போட்டீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன், ஒரு தொழில் ஆர்வத்தில். இனி அந்தக் கையால் ஆட முடியாது என்பதை மட்டும் சொன்னார், இந்தத் தடவை தெளிவான இங்கிலீஷில். பத்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் நான்தான் பார்த்தேன். சோறு பிசைந்து ஊட்டினேன். துணி மாற்றிவிட்டேன். அவளுக்குச் சீப்புப் பிடிக்க வராது, தலையும் நானே வாரிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் உட்கார்ந்து டிவி பார்த்தோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவில்லை, கேட்கவில்லை. எல்லாம் மறந்து பழையபடி ஆகிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. அந்த நாட்கள் எனக்கு நிறைவாக இருந்தன, மறைப்பானேன்.

ஒரு நாள் காலையில் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். நடுவில் தளர்ந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பின்னலையும் இழுத்து இழுத்துப் போட்டேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து அவள் கேட்டாள்.

“இவ்ளோ டைட்டு, கைக்கு?”

ஃபெலிக்ஸ் கேட்கிற மாதிரியே கேட்டாள். அவளாகவே எழுந்தாள், இடது கையால் பின்னலை அவிழ்த்தாள், ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தாள். மத்தியானத்துக்குள் போலாரத்தில் ஸ்டெல்லாவின் அம்மா வீட்டு மாடிக்குப் போய்விட்டாள். மிலிட்டரி பங்களாக்கள் பக்கத்தில் அமைதியான இடம். அவளுக்கு அங்கே என்ன குறை இருக்கப்போகிறது.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். தெரிந்தேதான் கட்டினேன். ஒவ்வொரு அரைப் பவுண்டும் தெரிந்தே ஏற்றியது. டாக்டர் சொன்னதும் முழுக்கப் புரிந்தது, என் தெலுங்கு நன்றாகவே இருக்கும். இதையெல்லாம் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கெட்ட எண்ணம் இருக்கிறவன் இப்படி உங்கள் முன்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்வானா, சொல்லுங்கள். நடந்ததில் எனக்கும் நஷ்டம் உண்டு. அபார்ட்மெண்டில் இப்போது யாரும் என்னிடம் கட்டிங்குக்கு ராக்கெட் கொடுப்பதில்லை. ராகவேந்திரா எங்கேயோ கடையில் கொடுத்து நிஜமாகவே முப்பது போட்டுக்கொண்டு, நாலு நாளில் தோளைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் இருந்தவரை அந்த மனுஷன் தோள் பத்திரமாக இருந்தது. இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பத்மா விவாகரத்து கேட்கிறாள் என்றீர்கள். அது வலியில் பேசுகிற பேச்சு, ஆறிவிடும். இடது கையால் ஆடக் கற்றுக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். போலாரத்தில் ஏதோ ஒரு கோர்ட்டில், தினமும் காலையில், ஸ்டெல்லாவோடு. முதலில் ஷட்டில் ராக்கெட்டிலேயே படவில்லையாம், இப்போது வலையைத் தாண்டுகிறதாம். எனக்குச் சந்தோஷம்தான். கடையில் கொடுத்துக் கட்டிக்கொள்கிறாள் என்பதுதான் மனசைப் பிசைகிறது. வேறு எவன் கட்டினாலும் அவள் கைக்கு ஒத்து வராது, அவளே சொன்னதுதானே.

அதனால் ஒரு சின்ன உதவி, மேடம். அவள் ராக்கெட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ இந்தப் பையில். பழைய நரம்பை வெட்டி எடுத்துவிட்டு, போன ஞாயிறு புதிதாகக் கட்டினேன். அடுத்த வாரம் அவள் வரும்போது நீங்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். இருபத்து மூன்று பவுன் என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். நீங்களே வேண்டுமானால் தட்டிப் பாருங்கள்.

சத்தம் கொஞ்சம் கணீரென்றுதான் வரும். புது கட் அப்படித்தான் இருக்கும், மேடம். பழகிவிடும்.